செட்டிங் முடியாத கம்ப்யூட்டர்

நான்கு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே யோசிக்கிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இதுவரை சொந்தமாக எழுதியது என்றால் லீவு லெட்டர்கள்தான். அவற்றிலும் பாதி அடுத்தவனைப் பார்த்து எழுதியவை. அப்படிப்பட்டவன் முகம் தெரியாத உங்கள் முன்னால் வந்து கதை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் அது யார் என்று எங்கள் லைன் வீடுகளில் பலருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் செட்டர். அவர் மனைவியும் கோபம் வந்தால் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

செட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் தானாக ஓடும் லேத் மிஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மிஷினுக்கும் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். டூலை மாட்டி, அளவு வைத்து, வீணாய்ப் போன இரும்பில் ஒன்றிரண்டு ட்ரையல் பீஸ் கடைந்து பார்த்து, சரி என்று சொல்கிறவர் செட்டர். அதன்பிறகு ஷிஃப்ட் முடியும்வரை அங்கேயே நின்று பீஸ்களை எடுத்துக்கொண்டிருப்பவன் ஆபரேட்டர். நான் அவருடைய ஆபரேட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அவர் வீட்டுக்கு அடுத்த அறையில் தனியாகக் குடியிருந்தேன்.

மிஷினை ஒப்படைப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் பீஸை அளந்து பார்ப்பார். காட்டன் வேஸ்டை எடுத்துக் கை இரண்டையும் விரல் விரலாகத் துடைப்பார். பிறகு, "மிஷின் உன்னுது" என்று சொல்லி ஓர் அடி பின்னால் வைப்பார். அவ்வளவுதான். அதுவரைக்கும் நான் தொடக்கூடாது. அதற்கப்புறம் அவர் தொடமாட்டார். ஏதாவது கோளாறு என்றால் நான், "செட்டர்!" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் வந்து கைவைத்தால் அது அவருக்கு அவமானம், எனக்கும் அவமானம் என்பார். ஷிஃப்ட் முடிகிற மணி அடித்தாலும் இதே மாதிரி கையைத் துடைத்து, இதே வார்த்தையைச் சொல்லி, அடுத்து வருகிற செட்டரிடம் மிஷினை விட்டுவிட்டுத்தான் நகருவார்.

"வைக்கிறவன் வேற, ஓட்டறவன் வேற. ரெண்டு பேரும் ஒரே மிஷின்ல கைய வச்சா அது மிஷின் இல்ல, சந்தை" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

ஒருமுறை நான் ஓட்டிக்கொண்டிருந்த மிஷினில் டூல் லூசாகிவிட்டது. சத்தம் மாறியது எனக்கே தெரிந்தது. அடுத்த மிஷினில் நின்ற அவருக்கும் தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவே குரல் உயர்த்திக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். கண்ணாலேயே, 'கூப்பிடுப்பா, கூப்பிடு' என்று கெஞ்சினார். நான் கூப்பிடவில்லை, அவர் தொடவில்லை, மிஷின் பாட்டுக்குக் கெட்ட பீஸாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் சூப்பர்வைசர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கினோம். வெளியே வந்ததும் செட்டர், "நீ கூப்பிடாததுதான் தப்பு, நான் வராதது தப்பில்ல" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வீட்டிலும் மனிதர் இப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை லைனில் கேரம் போர்டு போடுவோம். பவுடர் தூவி, கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களை நடுவில் அடுக்குவது அவர். ஒரு காய்கூட ஒதுங்கி இருக்காது. அடுக்கி முடித்ததும் எழுந்து போய்விடுவார். ஒருநாளும் ஆடியதில்லை. கேபிள் வராத நாட்களில் டிவி ஆன்டெனாவைத் திருப்ப யார் கூப்பிட்டாலும் கூரை மேல் ஏறுவார். கீழேயிருந்து நாங்கள், "வருது, வருது, போச்சு" என்று கத்துவோம். படம் பளிச்சென்று வந்ததும் இறங்கி, "ஒழுங்கா இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமலே நடப்பார். என்ன படம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது.

ஊர் கெலமங்கலம். தமிழ் பேசுவார், தெலுங்கில் கோபப்படுவார், ஆடுமாடுகளிடம் கன்னடத்தில் பேசுவார். பிள்ளைகள் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் கம்பெனி ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையவற்றைக் குலுக்கல் முறையில் மலிவாகத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். செட்டருக்கு ஒன்று விழுந்தது. அதற்குள் வீட்டுக் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. முன்பு அதை வைத்திருந்த ஆபீசர் தன் சொந்தத் தேவைக்கு ஏற்றியதாம். அவர் வேலையை விட்டு அமெரிக்கா போய்விட்டார். சாஃப்ட்வேர் மட்டும் எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒரு கடை அகப்பட்டது. செட்டர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிங்காரப்பேட்டைக்காரர். வீட்டில் தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்கள் வேறு தையல்காரரிடம் போகமாட்டார்கள். வீட்டுக்குள் துணி வைக்க இடமில்லை. கட்டிலின் அடியில், அரிசி டிரம்மின் மேல், என் அறையில்கூட இரண்டு மூட்டை இருந்தது. சொந்தமாக ஒரு கடை என்பது அவருடைய பல வருட ஆசை. பாகலூர் ரோட்டில் சின்னதாக ஒரு கடை காலியானதும் ஓடிப்போய் ஓனரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நானும் அங்கே இருந்தேன்.

"ஏங்க, அட்வான்ஸ் பதினஞ்சாயிரம். மாசம் எழுநூறு வாடகை. எடுத்துக்கட்டுமா?"

"கணக்குப் போட்டுப் பாக்கணும்."

"நான் போட்டுட்டேன்."

"எதுல போட்ட?"

"மனசுல."

"மனசுல போட்டா அத யாரு இன்ஸ்பெக்‌ஷன் பண்றது? கம்ப்யூட்டர்ல ஏத்துவோம். கட்டுப்படி ஆவும்னு அதுல வந்துச்சுன்னா கையெழுத்து போடறேன்."

சேமிப்பு அவர் பெயரில் பேங்கில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே வராது. ஓனரோ பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பேன், அதற்கப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அப்போது ஆடி மாதம், பொங்கலுக்கு நிறைய நாள் இருந்தது. அக்கா சரி என்றார். கம்ப்யூட்டரில் நாலு எண்ணை ஏற்ற எத்தனை நாளாகும் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செட்டர் கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்து சாஃப்ட்வேரைத் திறந்தார். உடனே அவர் முகம் சுருங்கியது.

"செட்டிங் சரியில்ல" என்றார்.

முதலில் டாலர். எந்த எண்ணைப் போட்டாலும் முன்னால் டாலர் குறி வந்து நின்றது. அக்கா எட்டிப் பார்த்து, "நாம என்ன டாலர் குடுத்தா கத்திரிக்கா வாங்கறோம்?" என்றார். அதை எடுத்துவிட்டு ரூபாய் போட எங்கே போய் எதை மாற்றுவது என்று செட்டர் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து மூடினார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லுங்கி கட்டிக்கொண்டு அதன்முன் உட்காருவார். ஆடி போய் ஆவணியில்தான் டாலர் போனது.

டாலர் போன பிறகு மற்றதெல்லாம் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. திரையின் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார். கண்ணுக்கு இதமான நிறம் உலகத்தில் ஒன்றுதான், அது எங்கள் மிஷினுக்கு அடித்திருக்கும் பச்சை என்பது அவர் முடிவு. மிஷினிலிருந்து உதிர்ந்த பெயின்ட் பொருக்கு ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதைத் திரைமேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பச்சையைக் கூட்டுவார், குறைப்பார். பகலில் சரியாக இருந்த பச்சை குழல்விளக்கில் மாறிவிடும். விளக்கில் சரிசெய்தது மறுநாள் பகலில் மாறியிருக்கும். கடைசியில் அந்த அறையின் ஜன்னலையே நிரந்தரமாகச் சாத்திவிட்டார்.

அடுத்தது எழுத்தின் அளவு. அதற்கடுத்தது படம் திரையின் நடுவில் நிற்கிறதா என்பது. கம்பெனியில் பீஸை அளக்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்துத் திரையின் இந்த ஓரமும் அந்த ஓரமும் கறுப்பாகத் தெரிகிற இடைவெளியை அளந்தார். மானிட்டருக்குக் கீழே இருந்த குமிழ்களைத் திருகித் திருகி இரண்டு பக்கமும் சமம் ஆக்கினார். அப்போது பக்கத்து வீட்டில் மாவாட்ட கிரைண்டரைப் போட்டார்கள். வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கிவிட்டது.

"கிரைண்டர நிறுத்துங்கம்மா! செட்டிங்ல இருக்கறேன்!"

"நாளைக்கு இட்லிக்கு ஒங்க செட்டிங்கையா ஊத்தறது?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

படம் லேசாகச் சாய்ந்திருப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம். மானிட்டரின் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்குப் போனது. மேஜைக் காலுக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி முட்டுக் கொடுத்தார். தரையில் வைத்துப் பார்த்தார். தரையே சாய்வு. நேரே போய் வீட்டுக்காரரிடம் புகார் சொன்னார். வீட்டுக்காரர், "அது தண்ணி போறதுக்காக விட்ட வாட்டம்ங்க, கழுவி விட்டா வாசலுக்கு ஓடணுமில்ல?" என்றார். செட்டர் திரும்பி வரும்போது, "தண்ணிக்கு வாட்டம் வச்சவன் கணக்குக்கு வாட்டம் வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். 

அக்கா கேட்காமல் இருக்கவில்லை. தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம் கேட்பார்.

"எப்பங்க ஏத்துவீங்க?"

"செட்டிங் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அவசரத்துல செட் பண்ணா ரிஜெக்‌ஷன்தான் வரும்."

"அங்க ஜெராக்ஸ்காரன் தெனமும் கடையப் பாத்துக்கினு போறான். ஷட்டர அளவெடுத்துட்டுப் போறான்."

"அளவெடுக்கறது நல்ல பழக்கம்தான்" என்றார் செட்டர்.

ஒருநாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீயாவது நாலு நம்பரத் தட்டி விடேன்" என்றார். "அண்ணே இன்னும் ஒப்படைக்கலக்கா. நான் தொடக்கூடாது" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒங்க கம்பெனில எல்லாருமே இப்படித்தானா?" என்றார்.

பிரச்சினை பெரிதானது கமாவால்தான். அந்த சாஃப்ட்வேர் அமெரிக்காக்காரன் முறைப்படி மூன்று மூன்று எண்ணாகப் பிரித்துக் கமா வைத்தது. ஆயிரம்வரை பரவாயில்லை. லட்சத்துக்குமேல் போனால் கமா தப்பான இடத்தில் விழும். "நம்ம வீட்டில லட்சம் ஏதுங்க, அத விட்டுடுங்க" என்றார் அக்கா. செட்டர் விடவில்லை. பெரிய அளவு பீஸுக்கும் பொருந்துகிற மாதிரிதான் மிஷினை வைக்க வேண்டுமாம். எந்த மெனுவிலும் அந்தக் கமாவை நகர்த்த வழி கிடைக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தார். தப்பான கமா விழுகிற இடத்தில் திரைக் கண்ணாடிமேல் மேலிருந்து கீழாகப் பச்சை இன்சுலேஷன் டேப்பை மெல்லிசாக நறுக்கி ஒட்டினார். சரியான இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரிசையாகக் கமா போட்டார்.

டேப்பும் பேனாவும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ட்ரையல் பீஸ் வேண்டும். எண் விழுகிற கட்டம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பார்க்கவும் வேண்டும். எல்லா இடத்திலும் ஒன்பதைப் போட்டால்தான் கட்டம் முழுதாக நிரம்பும். ஆகவே அரிசி என்ற வரியில் தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போட்டார். பால், வாடகை, சம்பளம், சேமிப்பு எல்லாவற்றுக்கும் அதே. திரை முழுவதும் ஒன்பதாக நின்றது. பச்சைத் தரையில் கறுப்பு ஒன்பதுகள், ஒவ்வொரு கமாவும் அதனதன் இடத்தில். செட்டர் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நிம்மதியாக அவரை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் கேபிள் டிவிக்காரன் பணம் வசூலிக்க வந்தான். எங்கள் லைனில் எல்லா வீட்டு நடு அறைக்குள்ளும் வந்து போகிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. கையை நீட்டிக்கொண்டு வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். கமா மட்டும் அமெரிக்கா முறையில் இருந்திருந்தால் அவன் எண்ணிக் குழம்பிப் போயிருப்பான். செட்டரின் செட்டிங்கால் அவனுக்கு ஒரே பார்வையில் படிக்க முடிந்தது.

"என்னண்ணா இது, லட்சமா?"

"ட்ரையல்" என்றார் செட்டர், திரும்பாமல்.

அவன் அந்த மாதப் பணத்தை வாங்காமலே போய்விட்டான்.

அடுத்த சில நாட்களில் எங்கள் லைனே மாறிவிட்டது. கிரைண்டர் வீட்டம்மா செட்டருக்கென்று தனியாகக் கிண்ணத்தில் மாவு கொடுத்தனுப்பினார். மாரியம்மன் கோவில் கமிட்டியிலிருந்து ஐந்து பேர் வந்து, கோபுரத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை கேட்டார்கள். செட்டர் மிஷின் பச்சை என்றார். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள். சிங்காரப்பேட்டையிலிருந்து அக்காவின் பெரியப்பா மகன் ஒருவர் புளி மூட்டையோடு வந்திறங்கி, நாலு நாள் தங்கி, தன் மூத்த மகனைத் தத்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அந்த மகனுக்கு என் வயது.

அக்கா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "அது சும்மா போட்டதுங்க. அளவு பாக்கப் போட்டது." யாரும் நம்பவில்லை. பணக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள்.

கேபிள்காரன் பாகலூர் ரோட்டுக்கும்தான் வசூலுக்குப் போகிறான். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது கடை ஓனர் ஆள் அனுப்பினார். அட்வான்ஸ் இனி ஐம்பதாயிரமாம். இல்லையென்றால் ஜெராக்ஸ்காரனுக்கு.

அக்கா அன்று சமைக்கவில்லை. தையல் மிஷினையும் மிதிக்கவில்லை. நான் ஷிஃப்ட் முடித்துப் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அந்த ஓனர வீட்டுக்குக் கூட்டிக்கினு வா. அவரே கண்ணால பாக்கட்டும். இவரும் இருக்கும்போதே கூட்டிக்கினு வா."

போனேன். நான் போய் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. "அக்கா வரச் சொன்னாங்க" என்பதைத் தவிர எதுவும் சொல்லியிருக்கமாட்டேன். ஓனருக்கு அறுபது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். தொண்ணூற்றொன்பது லட்சத்தை நேரில் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடுவதாக இல்லை. என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

செட்டர் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தார். கையில் வெர்னியர். திரை முழுவதும் ஒன்பது. ஓனர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏனம்மா, அரிசிக்கே இவ்வளவு வச்சிருக்கீங்க. என்கிட்ட பதினஞ்சாயிரத்துக்குப் பேரம் பேசறீங்களே, நியாயமா?"

"அது ட்ரையல் பீஸுங்க" என்றார் அக்கா. "நெசக் கணக்கு வேற. இப்பவே போட்டுக் காட்டறோம். ஏங்க, எந்திரிங்க."

"இன்னும் முடியல" என்றார் செட்டர்.

"என்ன முடியல?"

"இந்தப் பக்கம் அரை எம்.எம். கூட இருக்குது."

"அந்த அரை எம்.எம். எனக்கு வேணாம்."

"உனக்கு வேணாம்னா? மிஷினுக்கு வேணும்."

"நான் கடைய விட்டுட்டு ஒக்காந்திருக்கேன், நீங்க எம்.எம். பத்திப் பேசறீங்க! பொங்கல் வந்துட்டுது. ஒங்களுக்குத் தெரியுதா இல்லயா?"

"செட்டிங் ஓகே ஆகாம மிஷினக் குடுத்த பழக்கம் எனக்கு இல்ல" என்றார் அவர். குரல் உயரவில்லை. அவருக்கு அதில் பிடிவாதம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முடியாத காரியத்தை முடியாது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

 அக்கா சமையலறைக்குள் போனார். சாமி படத்தின் முன்னால் இருந்த பூஜை மணியை எடுத்துக்கொண்டு வந்து, செட்டரின் தலைக்குப் பின்னால் நின்று, கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்தால் அடிப்பார்களே, அதே மாதிரி நிறுத்தாமல் அடித்தார்.

செட்டர் எழுந்துவிட்டார்.

அவர் யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை. இருபது வருடப் பழக்கம் அவரைத் தூக்கி நிறுத்தியது. கை தானாக வேஸ்டைத் தேடியது. கிடைக்கவில்லை. லுங்கியில் விரல் விரலாகத் துடைத்தார். அக்காவைப் பார்த்து, "மிஷின் உன்னுது" என்றார். ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்த மாதிரி முகம் வெளுத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஓனர் மணிச்சத்தம் கேட்டதும் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "தம்பி, நீ தட்டு" என்றார். இனி எனக்குத் தடையில்லை. ஒன்பதுகளையெல்லாம் அழித்தேன். அக்கா மனதில் இருந்ததைக் கடகடவென்று சொன்னார், நான் தட்டினேன். அரிசி, பால், வாடகை, கரன்ட், கெலமங்கலத்துக்கு மாமனாருக்கு அனுப்புவது, தையலில் வருவது, சம்பளத்தில் வருவது. ஓனருக்கும் சுவாரசியம் வந்துவிட்டது.

"பாலுக்கு இவ்வளவா? தண்ணிப் பால் ஊத்தறவன்கிட்ட வாங்கறீங்க. எங்க பக்கத்துல வாங்குங்க."

"செரிங்க. அடுத்தது போடு தம்பி, நூல், ஊசி, பட்டன்."

எல்லாம் போட்டு முடித்தோம். கீழே மிச்சம் என்ற கட்டத்தில் சேமிப்போடு சேர்த்து வந்து நின்றது: 31,460.

ஓனர் குனிந்தார். முகம் விழுந்துவிட்டது. "இஷ்டேனா?" என்றார் கன்னடத்தில். பிறகு எங்களுக்காகத் தமிழில், "இவ்வளவுதானா?" என்றார்.

நானும் பார்த்தேன். பரிதாபமாகத்தான் இருந்தது. தொண்ணூற்றொன்பது லட்சத்துக்காக அகலப்படுத்திய கட்டம். அதன் வலது ஓரத்தில் ஒடுங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தத் தொகை. இந்தப் பக்கம் வெறும் பச்சை, டேப், ஸ்கெட்ச் பேனாக் கமாக்கள்.

"அட்வான்ஸ் குடுத்தா அப்புறம் என்னம்மா இருக்கும்? மாசா மாசம் வாடகை எங்கிருந்து வரும்? வேணாம்மா. நீ வீட்டுலயே தச்சுக்கினு இரு. நான் ஜெராக்ஸ்காரனுக்கே சொல்லிடறேன்."

ஐம்பதாயிரம் கேட்டவர் இப்போது பதினைந்தாயிரத்துக்கும் வேண்டாம் என்றார். செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.  செட்டர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண் திரையிலேயே இருந்தது.  ஆனால் வரவில்லை. இந்தப் பார்வையை நான் முன்பே கம்பெனியில் பார்த்திருக்கிறேன்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டுகிறவர்களைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"குண்டு ஆளுக்குத் தச்சதைக் கொழந்தைக்குப் போட்டா கொழந்த நோஞ்சானாத்தான் தெரியும்" என்றார். பிறகு திரும்பாமலே உரக்கக் கூப்பிட்டார்: "செட்டர்!"

"என்ன கம்ப்ளெய்ன்ட்?" செட்டர் அதற்குள் பக்கத்தில் இருந்தார்.

"கட்டம் லூசா இருக்குது. புடிச்சுக் குடுங்க."

"எவ்வளவு?"

"ஒடம்போட ஒட்டி."

அன்று அவர் கையைப் பார்த்திருக்க வேண்டும். ஆடியிலிருந்து உருட்டிக்கொண்டிருந்த அதே கைதான். நகத்தால் டேப்பைக் கீறி ஒரே இழுப்பில் உரித்தார். எச்சில் தொட்டுப் பேனாக் கமாக்களை அழித்தார். எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினார். தடிமனாக்கினார். கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து ஒரே தள்ளில் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு நூல் கூடத் தள்ளியிருந்தால் எண் மறைந்து வேலி மாதிரிக் கோடுகள் வந்திருக்கும். வரவில்லை. வெர்னியரை அவர் எடுக்கவே இல்லை. எல்லாம் ஓனர் ஒரு செருப்பை மாட்டுவதற்குள்.

31,460 என்பது இப்போது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகத் தோளை விரித்துக்கொண்டு நின்றது. கட்டத்தில் காலி இடமே இல்லை.

அவர் மறுபடி கையைத் துடைத்தார். "மிஷின் உன்னுது" என்று பின்வாங்கினார்.

"ஐயா, ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றார் அக்கா.

ஓனர் ஒரு காலில் செருப்போடு எட்டிப் பார்த்தார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி பார்த்தார். தொகை அதேதான் என்று அவருக்கும் தெரியும். 'இவ்வளவுதானா' என்று கேட்டவரே அவர்தானே. இருந்தாலும் மோவாயைத் தடவினார்.

"ம்... இப்ப நோடறப்ப... பாக்கறப்ப செரியாத்தான் இருக்குது" என்றார். "பதினஞ்சே குடுங்க. நான் எறக்கிக் குடுத்தேன்னு வெளிய சொல்லாதீங்க."

"கையெழுத்து" என்று அக்கா பேங்க் ஃபாரத்தைச் செட்டர் பக்கம் நீட்டினார். அதை அவர் ஆடி மாதமே வாங்கி வைத்திருந்தாராம்.

செட்டர் திரையைப் பார்த்தார். எழுத்து அளவு ஒழுங்கில்லை. படம் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. அந்த அரை எம்.எம். அப்படியேதான் இருந்தது. ஆனால் ஆபரேட்டர் கேட்டுவிட்டார்.

"ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஓனரைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது, அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். செட்டர் கம்ப்யூட்டரிலிருந்து ஓர் அடி தள்ளி, அதே இடத்தில், கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். "உக்காருங்கண்ணே" என்றேன். "கூப்பிட்டா வரணுமில்ல" என்றார்.

மறுநாள் காலை அக்கா பேங்கில் பணம் எடுத்து ஓனரிடம் கொடுத்துச் சாவியை வாங்கினார். கடைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு ஆள் வந்தான். செட்டரும் நானும் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டோம்.